கட்டப்படாத டிராகன் கோபுரம்: அனிமல் கிங்டமில் நாங்கள் கண்ட சுவடுகள்

திருச்சியிலிருந்து:

ஃபுளோரிடாவின் டிஸ்னி அனிமல் கிங்டம் பூங்காவுக்குச் சென்று வந்தவர்கள், ஏறி மகிழ்ந்த சவாரிகளைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அங்கே திட்டமிடப்பட்டுக் கட்டப்படாமலே போனவற்றின் அடையாளங்களையும், இனி வரப்போகிறவற்றுக்கான வேலைகளையும் நேரில் பார்த்தவர்கள் நம்மிடையே இருப்பார்கள். அவர்களுடைய அனுபவங்களைக் கேட்க வேண்டும் என்ற ஆவலில், என்னுடையதை முதலில் பதிவு செய்கிறேன்.

மகள் குடும்பத்தோடு அங்கே சென்றபோது எங்கள் வண்டியை நிறுத்தச் சொன்ன பகுதியின் பெயர்ப்பலகையில் ஒற்றைக் கொம்புள்ள கற்பனைக் குதிரையான யூனிகார்ன் வரையப்பட்டிருந்தது. அருகிலிருந்த பகுதிகளுக்கு ஒட்டகச்சிவிங்கி, மயில், வண்ணத்துப்பூச்சி, டைனோசர் என்று பெயர் வைத்திருந்தார்கள். நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தின் மேற்புறத்தில் கல்லில் செதுக்கியது போன்ற விலங்குத் தலைகள் வரிசையாக இருந்தன. அவற்றுள் ஒன்று டிராகனுடையது. பேரன் அதைக் காட்டி, "தாத்தா, இது என்ன மிருகம்?" என்று கேட்டான். நம் கோயில் தூண்களில் யாளி நிற்பதைப் போல இதுவும் மனிதன் மனத்தில் பிறந்த விலங்கு என்று சொன்னேன். "அப்படியானால் உள்ளே அதை எங்கே பார்க்கலாம்?" என்பது அவனுடைய அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்தப் பூங்காவின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன்.

1998 ஏப்ரல் 22 அன்று பூங்கா திறக்கப்பட்டபோது வைத்த அர்ப்பணிப்பு வாசகம், இது உயிரோடு இருக்கும் விலங்குகள், பழங்காலத்து விலங்குகள், கற்பனை விலங்குகள் ஆகிய மூன்றுக்குமான அரசு என்றும், சிங்கங்களும் டைனோசர்களும் டிராகன்களும் ஆளும் இடம் என்றும் வரவேற்கிறது. அப்போதைய சின்னத்திலும் டிராகனின் உருவம் இடம்பெற்றிருந்தது. சிங்கங்களை ஆப்பிரிக்கப் பகுதியின் சஃபாரியில் பார்க்கலாம். டைனோசர்களுக்கு டைனோலேண்ட் என்ற தனிப் பகுதி இருந்தது. மூன்றாவது அரசருக்கு மட்டும் இருப்பிடமே இல்லை.

அவருக்காக வரையப்பட்ட பகுதியின் பெயர் பீஸ்ட்லி கிங்டம். நன்மையின் பக்கம், தீமையின் பக்கம் என்று அதை இரண்டாக வகுத்திருந்தார்கள். தீமையின் பக்கத்தில் இடிந்த கோட்டை ஒன்றும், அதற்குள் டிராகன் கோபுரம் என்ற ரோலர் கோஸ்டரும் வரவேண்டியிருந்தன. கோட்டையில் வாழும் வௌவால்கள், பேராசை பிடித்த டிராகனின் புதையலைக் கொள்ளையடிக்கப் பயணிகளைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளும். பயணத்தின் உச்சத்தில் தீ உமிழும் அந்த டிராகனின் முன்னாலேயே போய் நிற்க நேரிடும். நன்மையின் பக்கத்தில், பழங்கதை விலங்குகள் நிறைந்த புதிர்வழி ஒன்றைக் கடந்து, ஒளிந்து வாழும் யூனிகார்னைக் கண்டடையும் நடைப்பயணம் இருந்திருக்கும். அதன் அருகே, டிஸ்னியின் 1940ஆம் ஆண்டுப் படமான ஃபேன்டேசியாவில் வரும் முதலைகளையும் நீர்யானைகளையும் பறக்கும் குதிரைகளையும் இசையோடு கண்டு செல்லும் படகுச் சவாரியையும் நினைத்திருந்தார்கள்.

பூங்காவின் செலவு ஏறியதும் இரண்டு பகுதிகளுள் ஒன்றைத் தள்ளிப்போட வேண்டிய கட்டாயம் வந்தது. டைனோசர்களை வைத்து அதே நிறுவனம் ஒரு படத்தை எடுத்துக்கொண்டிருந்த காலம் என்பதால், டைனோலேண்ட் தப்பித்தது. கற்பனை விலங்குகள் இரண்டாம் கட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டன. அந்த நிலத்தில் தற்காலிக ஏற்பாடாக, மிக்கி, மின்னி பாத்திரங்களைச் சந்திக்கும் முகாம் ஒன்றை அமைத்தார்கள். தற்காலிகம் என்று வைத்தது 2014 வரை நீடித்தது. அதன் பிறகு அதே இடத்தில் அவதார் படத்தின் உலகமான பண்டோரா எழுந்து, 2017 மே 27 அன்று திறக்கப்பட்டது.

பண்டோராவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அங்கே பறக்கும் விலங்கின் முதுகில் அமர்ந்து செல்வது போன்ற சவாரியில், நம் கால்களுக்கிடையே அந்த உயிர் மூச்சு வாங்குவது உடம்பில் தெரிகிறது. கற்பனை விலங்கு ஒன்றை அந்த நிலத்தில் எப்படியோ கொண்டுவந்துவிட்டார்கள் என்று கூடச் சொல்லலாம். ஆயினும் டிராகனும் யூனிகார்னும் பல நூற்றாண்டுகளாகப் பல நாட்டு மக்கள் சொல்லிச் சொல்லி வளர்த்தவை. ஒரு படத்துக்காகப் பிறந்த உயிரை எவ்வளவு திறமையாகச் செய்தாலும் அவற்றின் இடத்தில் வைத்துவிட முடியாது. மனிதன் விலங்குகளைப் பற்றிக் கொண்ட வியப்பையும் அச்சத்தையும் சேர்த்துச் சொல்வதே இந்தப் பூங்காவின் மூல எண்ணம் என்பதால், அந்த மூன்றாம் பகுதி கைவிடப்பட்டதை வெறும் இரண்டு சவாரிகளின் இழப்பாக என்னால் கருத முடியவில்லை.

*

டாம்பாவிலிருந்து:

ஐயா, தங்கள் பேரனின் கேள்விக்குப் பூங்கா திறந்த ஆண்டில் ஓரளவு விடை இருந்தது. அதை நேரில் கண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

அப்போது பூங்காவின் நடுவிலுள்ள ஆற்றில் டிஸ்கவரி ரிவர் போட்ஸ் என்ற படகுகள் ஓடின. நடுத்தீவிலிருந்து புறப்பட்டு ஆசியப் பகுதியின் துறை வரை செல்வார்கள். ஆசியப் பகுதி அப்போது முழுமையாகத் திறக்கப்பட்டிருக்கவில்லை. படகு மிக்கி முகாமின் கரையை ஒட்டித் திரும்பும்போது பாறைக் குகை ஒன்று வரும். படகோட்டிப் பெண் தன் குரலைத் தாழ்த்தி, அதற்குள் வாழ்வது யார் என்று எங்களுக்குத் தெரியுமா என்று கேட்பார். குகைக்குள்ளிருந்து உறுமல் எழும். தொடர்ந்து தீப்பிழம்பு வெளியே பாயும். என் மகன் அப்போது சிறுவன். அந்த வெப்பம் முகத்தில் பட்டதும் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். கரையில் டிராகன் வடிவப் பாறை ஒன்றும் இருந்தது; குகையின் அருகே உருகிய கவசங்கள் கிடந்தன, உள்ளே போன வீரர்களுக்கு நேர்ந்த கதியைச் சொல்வது போல. டைனோலேண்ட் பக்கம் வந்தால், கரையில் நிற்கும் இகுவானடான் என்ற டைனோசர் ஒன்று தலையை அசைக்கும்.

அது முழுக்க முழுக்க வரப்போகும் பகுதிக்கான முன்னறிவிப்பு. டிராகனின் கோட்டை விரைவில் எழும் என்ற நம்பிக்கையில்தான் குகையை அவ்வளவு அக்கறையோடு கட்டியிருந்தார்கள். ஆனால் வரிசையில் காத்திருந்து ஏறியவர்கள் பெரிய சவாரி ஒன்றை எதிர்பார்த்தார்கள். கிடைத்ததோ அமைதியான படகுப் பயணம். பெயரை மாற்றிப் பார்த்தார்கள், வானொலி நிகழ்ச்சியைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1999ஆம் ஆண்டிலேயே படகுகள் நின்றுவிட்டன. படகு நின்றதும் குகைக்கு முன்னால் செல்லும் வழியே இல்லாமல் போயிற்று.

அதே 1999இல், சில மைல் தொலைவிலுள்ள யூனிவர்சல் நிறுவனத்தின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பூங்கா திறந்தது. அங்கே இடிந்த கோட்டைக்குள் நீண்ட வரிசையில் நடந்து, நெருப்பு டிராகன், பனி டிராகன் என்ற இரண்டு தொங்கும் ரோலர் கோஸ்டர்களில் ஒன்றைத் தேர்ந்து ஏற வேண்டும். அடுத்த ஆண்டில் சிறுவர்களுக்காக ஃபிளையிங் யூனிகார்ன் என்ற சிறிய கோஸ்டரும் வந்தது. பீஸ்ட்லி கிங்டம் நின்றதால் வேலை இழந்த வடிவமைப்பாளர்கள் தங்கள் எண்ணங்களோடு அங்கே சென்றார்கள் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அந்தக் கோட்டையின் இருண்ட தாழ்வாரங்களில், சுவரில் அடுக்கிய எலும்புகளையும் மங்கிய விளக்குகளையும் கடந்து நடந்தபோது, அனிமல் கிங்டமின் படகில் நான் கேட்ட உறுமலுக்கு இங்கே உருவம் கிடைத்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. டிராகன் கோஸ்டர்களும் 2017இல் நீக்கப்பட்டு, ஹாரி பாட்டர் உலகின் ஹேக்ரிட் சவாரி அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

*

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து:

அம்மா, அந்தக் குகையைக் காணும் வாய்ப்பு எங்களைப் போன்ற பின்னால் வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. நான் இயந்திரப் பொறியாளன். இதே பூங்காவில் இன்னொரு கைவிடப்பட்ட திட்டத்தையும், இனி வரவிருக்கும் சவாரியையும் பற்றி எழுத விரும்புகிறேன்.

போட்டியில் வென்ற டைனோலேண்டும் வரைந்தபடி முழுமையாகக் கட்டப்படவில்லை. அகழ்வாய்வுக் களத்தில் சரளைக் கற்களை ஏற்றிச் செல்லும் பழைய பெட்டிகளில் பயணிகள் பாய்ந்து செல்வது போன்ற எக்ஸ்கவேட்டர் என்ற ரோலர் கோஸ்டர் அதில் இருந்திருக்க வேண்டும். அதைக் கைவிட்டு, 2001-2002இல் சாலையோரக் கேளிக்கைத் திடல் போன்ற டைனோ-ராமாவைச் சேர்த்தார்கள். வாகன நிறுத்துமிடத்தில் அமைத்த திடல் என்ற கதையை வைத்துக்கொண்டு, தரையில் தாரைப் பூசி, சுழலும் சிறிய கோஸ்டர் ஒன்றை நிறுத்தியதை, நன்கு சிந்தித்துச் செய்த இந்தப் பூங்காவில் மிகவும் பலவீனமான பகுதியாகவே நான் எப்போதும் கருதி வந்திருக்கிறேன். எக்ஸ்கவேட்டர் வந்திருந்தால் டைனோலேண்டின் ஆயுள் நீண்டிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அங்கே உண்மையில் மதிப்புக்குரியது 1998லேயே திறந்த டைனோசர் சவாரிதான். கவுண்ட்டவுன் டு எக்ஸ்டிங்ஷன் என்பது அதன் முதல் பெயர். பன்னிரண்டு பேர் அமரும் வண்டி, விண்கல் விழுவதற்கு முன் இகுவானடான் ஒன்றைக் கொண்டுவரக் காலத்தில் பின்னோக்கிச் செல்லும். கொம்புள்ள கார்னோடாரஸ் இருட்டில் துரத்தும். வண்டியின் அடிச்சட்டத்துக்கும் உடலுக்கும் இடையே ஹைட்ராலிக் அமைப்பு உண்டு. சமதளத்தில் ஓடும்போதே மேடுபள்ளத்தில் குலுங்குவது போன்ற உணர்வை அது தருகிறது. வண்டி ஏறும் இடத்தில் சிவப்பு, மஞ்சள், வெள்ளை நிறக் குழாய்கள் மூன்று ஓடின. அவற்றின் மேல் வேதிக் குறியீடுகள் எழுதியிருக்கும். தக்காளி சாஸ், கடுகு சாஸ், மயோனைஸ் ஆகியவற்றுக்கான குறியீடுகள் அவை; சவாரிக்கு ஆதரவளித்த மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்துக்காக வைத்தவை. மூடுவதற்கு முன் வந்த குளிர்காலத்தில் கடைசியாக ஏறியபோது அந்தக் குழாய்களை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கலிஃபோர்னியாவின் அனாஹைமிலுள்ள டிஸ்னிலேண்டில் 1995இல் திறந்த, சாகசப் பட நாயகன் இண்டியானா ஜோன்ஸின் சவாரிக்காகவே அந்த வண்டியை முதலில் உருவாக்கினார்கள். இரண்டு இடங்களிலும் பாதையின் அமைப்பு ஒன்றே. அனாஹைமில் கயிற்றுப் பாலத்தைக் கடக்கும் அதே வளைவுகளை ஃபுளோரிடாவில் காட்டு மரங்களுக்கு இடையே எத்தனையோ முறை உணர்ந்திருக்கிறேன். கண்ணை மூடினால் உடம்புக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே 2026 பிப்ரவரித் தொடக்கத்தில் டைனோசர் சவாரியை மூடி, அதை இண்டியானா ஜோன்ஸ் சவாரியாக மாற்றத் தொடங்கியதில் பொறியியல் முறையில் நியாயம் இருக்கிறது.

இந்த முடிவுக்கு வருவதற்கு முன் இன்னொரு எண்ணமும் வந்து மறைந்தது. 2022இல் நடந்த டி23 என்ற டிஸ்னி ரசிகர் மாநாட்டில் டைனோலேண்டின் இடத்தில் ஜூடோபியா, மோவானா ஆகிய டிஸ்னி படங்களின் உலகங்கள் வரலாம் என்று ஓவியங்களைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பேச்சு மாறி, லத்தீன் அமெரிக்கக் கிராமத்தை மையமாகக் கொண்ட டிராபிக்கல் அமெரிக்காஸ் என்ற திட்டம் முன்வந்தது. 2024இல் உறுதியான அறிவிப்பும் வெளியாயிற்று. விலங்குகளோடு பேசும் சிறுவன் அந்தோனியோவின் அறைக்குள் செல்லும், என்காண்டோ என்ற டிஸ்னி படத்தின் சவாரி, சுழல்குதிரை, இண்டியானா ஜோன்ஸ் ஆகிய மூன்றும் 2027இல் திறக்கப்படும் என்கிறார்கள். பழைய மாயா கோயிலுக்குள் புராண விலங்கு ஒன்று உலவுவதாகக் கேள்விப்பட்டு இண்டியானா ஜோன்ஸ் அதைத் தேடிச் செல்வதாக அறிவிப்பில் கதை சொன்னார்கள். திருச்சி ஐயா வருந்தும் மூன்றாவது அரசர் இப்படியாவது உள்ளே வருகிறார் என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

ஆனால் எட்டி என்ற இமயப் பனிமனிதன் நினைவுக்கு வரும்போது அந்த மகிழ்ச்சியோடு கவலையும் சேர்ந்துகொள்கிறது. 2006 ஏப்ரலில் திறந்த எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் என்ற கோஸ்டரின் செயற்கை மலைக்குள், பயணிகளை நோக்கிக் கையை வீசும் பிரம்மாண்டமான எட்டி உருவம் ஒன்று நிற்கிறது. இந்தப் பூங்காவில் நம் தொன்மங்களிலிருந்து வந்து, முழு உருவோடு கட்டப்பட்ட கற்பனை விலங்கு அதுதான். ஏறத்தாழ 61 மீட்டர் உயரமுள்ள அந்த மலை, கோஸ்டரின் தடம், எட்டி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொடாத தனித்தனிக் கட்டமைப்புகள். ஒன்றின் அதிர்வு மற்றொன்றைத் தாக்காமல் இருக்க அவ்வாறு செய்தார்கள். அப்படியும் திறந்த சில காலத்திலேயே எட்டியின் அசைவு நிறுத்தப்பட்டது. இப்போது விட்டுவிட்டு மின்னும் விளக்கொளியில் அது அசைவது போலத் தோன்றச் செய்கிறார்கள். பூங்காவின் தலைமை வடிவமைப்பாளரான ஜோ ரோடி அதை ஒருநாள் சரிசெய்வேன் என்று 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். சரியாகாமலே 2021 தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். மலையைப் பெருமளவு பிரிக்காமல் அந்த உருவத்தை எட்ட முடியாது என்பதே தாமதத்துக்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

கற்பனை விலங்கை வடிவமைப்பவர்கள் அதன் பற்களையும் தோலையும் பற்றி யோசிப்பதற்கு முன்பே, பழுதானால் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி வெளியே எடுக்கப் போதுமான அகலத்தில் ஒரு வழியைச் சுவரில் வரைந்துவிட வேண்டும். மாயா கோயிலுக்குள் வரவிருக்கும் அந்த விலங்குக்கு அத்தகைய வழியை இப்போதே விட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். 2027இல் திறந்ததும் முதலில் சென்று வருபவர்கள், அது எப்படி அசைகிறது என்பதை இங்கே விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.