நாலு இன்ச் குழாயில் நாலு இன்ச் டோர் பெண்ட் ஆடுகிறது, எங்கே தப்பு?

கெடிலக்கரையான் (கடலூர்):
வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் பழைய வீடு. மாடிக் கக்கூஸிலிருந்து வெளிச்சுவரோடு இறங்கும் நாலு இன்ச் குழாயின் அடியில் இருந்த டோர் பெண்ட் (அடைப்பெடுக்க மூடி வைத்த வளைவு) விரிசல் விட்டுவிட்டது. மஞ்சக்குப்பம் போய் "நாலு இன்ச் டோர் பெண்ட்" என்று கேட்டு வாங்கி வந்தேன். மாட்டினால் லொடலொடவென்று ஆடுகிறது. பழையது இறுக்கமாக இருந்தது. பிளம்பர் பிவிசி ஒட்டும் சொல்யூஷனை அப்பி, மேலே எம்-சீல் புட்டி பூசிவிட்டுப் போனார். மூன்றாம் நாளே கசிவு. வீட்டில் அந்தப் பக்க ஜன்னலைத் திறப்பதே இல்லை. ஐப்பசி மழை வேறு. குழாயின் எழுத்தெல்லாம் வெயிலில் அழிந்துபோனதால் எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை. வேறு கம்பெனி ஃபிட்டிங் சேராதா?

லாஸ்பேட்டை வாசி:
ஷெட்யூல் 40 (அமெரிக்க அளவுமுறை) ஃபிட்டிங்கைக் கொடுத்திருப்பார்கள். அதில் நாலு இன்ச் என்றால் குழாயின் வெளிவிட்டம் 114.3 மி.மீ. நம்மூர் டிரெய்னேஜ் குழாயில் நாலு இன்ச் என்பது 110 மி.மீ. இரண்டையும் கடையில் "நாலு இன்ச்" என்றுதான் சொல்வார்கள். 4 மி.மீ. வித்தியாசம் இருந்தால் ஆடாமல் என்ன செய்யும்? மாற்றி வாங்கி வாருங்கள்.

சுப்பையா சாலை:
மாற்றவெல்லாம் வேண்டாம். குழாய் முனையை நெருப்பில் காட்டி இளக்கி, கொஞ்சம் அகலப்படுத்திச் சொருகினால் பிடித்துக்கொள்ளும். எல்லா பிளம்பரும் செய்வதுதான்.

முத்தியால்பேட்டை பைப்புக்காரர்:
தயவுசெய்து நெருப்பு வேண்டாம். சூடு காட்டி விரித்தால் சுவர் மெலிந்துவிடும், வட்டமும் கோணிவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டிய இரவில் எங்கள் தெருவில் ஒரு மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் அப்படி விரித்த இடத்தில்தான் கழன்றது.

கெடிலக்கரையான் தம்பி, இரண்டு வேலை செய்யுங்கள். ஒரு நூலைக் குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்கேலில் வைத்து அளந்து பாருங்கள். 34 அரை செ.மீ. பக்கம் வந்தால் குழாய் 110. 36 செ.மீ.யை ஒட்டி வந்தால் ஷெட்யூல் 40. அப்புறம் பெண்டைக் கழற்றி, வாய்க்குள் விரலை விட்டுச் சுற்றித் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்படுகிறதா?

கெடிலக்கரையான்:
அண்ணே, நூல் 34.6 காட்டுகிறது. உள்ளே வாயோரம் ஒரு பள்ளம் வட்டமாக ஓடுகிறது. அதில் முழுக்க எம்-சீல்.

முத்தியால்பேட்டை பைப்புக்காரர்:
நினைத்தேன். ஷெட்யூல் 40 இல்லை. குழாயும் 110, பெண்டும் 110-தான். ஆனால் அது ரிங் ஃபிட் பெண்ட். அந்தப் பள்ளத்தில் ரப்பர் ரிங் உட்கார வேண்டும். ரிங்தான் இறுக்கிப் பிடிக்கும், வாயை வேண்டுமென்றே கொஞ்சம் தளர்வாக வார்த்திருப்பார்கள். உங்கள் பழையது பேஸ்டிங் டைப், அதாவது ரிங் இல்லாமல் சொல்யூஷன் போட்டு ஒட்டுவது, அதனால் இறுகியது. சொல்யூஷன் என்பது இடைவெளியை அடைக்கும் பசை கிடையாது. பிவிசியை இளக்கி ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். இரண்டும் தொட்டுக்கொண்டால்தான் பிடிக்கும். வாங்கும்போது ரிங் தரவில்லையா?

கெடிலக்கரையான்:
பைக்குள் ஒரு கறுப்பு வளையம் இருந்தது. எதிலிருந்தோ கழன்று விழுந்தது என்று நினைத்துப் பையனிடம் கொடுத்துவிட்டேன். ஒரு வாரமாகத் தெருவில் உருட்டிக்கொண்டிருக்கிறான்.

லாஸ்பேட்டை வாசி:
சிரித்து முடியவில்லை சார். என் கணிப்பும் தப்புதான், நூல் போட்டிருக்க வேண்டும். ஒரு சந்தேகம்: கம்பெனி மாறினால் சேருமா?

முத்தியால்பேட்டை பைப்புக்காரர்:
குழாயில் ஐஎஸ் (இந்தியத் தர எண்) 13592, ஃபிட்டிங்கில் ஐஎஸ் 14735 இருந்தால் வெளிவிட்டம் ஒன்றுதான், சேரும். ரிங் மட்டும் அந்தந்த ஃபிட்டிங்கின் கம்பெனியே வாங்குங்கள், பள்ளத்தின் வடிவம் மாறும்.

தம்பி, அந்தப் பள்ளத்தில் ஒட்டியது முழுசாக வராது. புதுப் பெண்ட் வாங்குங்கள். வெயில் படும் சுவர் என்பதால் ரிங் ஃபிட்டே நல்லது. 3 மீட்டர் குழாய் 20 டிகிரி சூடேறினால் சுமார் 4 மி.மீ. நீளும். சொல்யூஷன், எம்-சீல் பட்ட முனையை ஹாக்சாவால் நேராக வெட்டி, வெளி விளிம்பை அரத்தால் சரிவாகச் சீவுங்கள், இல்லாவிட்டால் ரிங் மடங்கும். சோப்புத் தண்ணீர் தடவுங்கள். எண்ணெய், கிரீஸ் கூடாது, ரப்பர் கெடும். பெண்டை முழுக்க மேலே தள்ளி, குழாயில் பென்சில் கோடு போட்டு, அங்கிருந்து 10 மி.மீ. கீழே இறக்கி நிறுத்துங்கள்.

கெடிலக்கரையான்:
முடிந்தது அண்ணே. இரண்டு இன்ச் வெட்டியதில் பெண்ட் மேலே ஏறியது, சேம்பர் பக்கம் புதுத் துண்டு போட்டேன். வாட்டமும் கூடக் கிடைத்தது. ஆறு வாளி ஊற்றிப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. வெட்டிய துண்டு மட்டும் ரொம்ப மெலிசு, 2 மி.மீ.க்குச் சற்று மேல்தான். அதனால்தான் முதலில் வாங்கிய பெண்ட் ஆடியதோ?

முத்தியால்பேட்டை பைப்புக்காரர்:
இல்லை, கனம் உள்பக்கம்தான் கூடும் குறையும், வெளிவிட்டம் மாறாது. அது டைப் ஏ, மழைத்தண்ணீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உள்ளது. கக்கூஸுக்கு டைப் பி போட வேண்டும், 110-க்குக் குறைந்தது 3.2 மி.மீ. வீடு கட்டியவர் மிச்சம் பிடித்திருக்கிறார். இப்போதைக்கு இருக்கட்டும், மீட்டருக்கு ஒரு கிளாம்ப் போட்டுவிடுங்கள். அடுத்த முறை குழாயைத் தொடும்போது மாற்றிக்கொள்ளலாம்.

கெடிலக்கரையான்:
சரிண்ணே. ஜன்னல் திறந்தாயிற்று. பையன்தான் புது ரிங்கையும் கேட்கிறான்.