வெடிச் சத்தத்தில் ஓடிய பூனையைக் காணோம், எங்கே தேடுவது?

தறிக்காரர் மகள்
வணக்கங்க. எங்கள் வீடு ஈரோடு வீரப்பன்சத்திரம் பக்கம். புதன்கிழமை ராத்திரி அடுத்த தெருவில் நோம்பிக்கு வெடி போட்டார்கள். எங்கள் பூனை பொட்டு, வீட்டுப் பின்பக்கப் பொடக்காலிச் சுவரைத் தாண்டி ஓடியதுதான், இன்றைக்கு வெள்ளி, இன்னும் காணோம். வெள்ளை, கருப்பு, செம்பட்டை மூன்றும் கலந்த நிறம். 3 வயது. குட்டியில் கதவிடுக்கில் சிக்கி முன்னங்கால் விரல் ஒன்று போய்விட்டது. வாசல்படி தாண்டியே பழக்கமில்லாதவள். நானும் தெருப்பிள்ளைகளும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு வந்தோம். இங்கே ராத்திரி பகலாகத் தறி ஓடும். நான் கூப்பிடுவது எனக்கே கேட்கவில்லை. வேறு என்ன செய்யலாம்?

மஞ்சக்காட்டான்
மூணு கலர் என்றால் பெரும்பாலும் பொட்டைப் பூனைதான். ஜோடி தேடிப் போயிருக்கும். பசித்தால் தானே வரும், விடுங்க.

தறிக்காரர் மகள்
கருத்தடை ஆபரேஷன் முடிந்து 2 வருஷம் ஆச்சுங்க அண்ணா.

பெருந்துறை அக்கா
அம்மணி, பஸ் ஸ்டாண்டுக்கு எதற்குப் போனாய்? வீட்டோடு வளர்ந்தது பயந்து ஓடினால் பெரும்பாலும் நாலைந்து வீட்டுக்குள்தான் எங்காவது ஒண்டிக் கிடக்கும். பக்கத்திலேயே நின்று கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. பிள்ளைகள் கூட்டமாக வந்தால் இன்னும் உள்ளே போகும். எங்கள் கருப்பன் 9 நாள் காணாமல் போய், கடைசியில் எதிர்வீட்டில் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் இருந்தான். அந்த வீட்டில் இரண்டு தடவை கேட்டும் “இங்கே இல்லீங்க” என்றார்கள். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதுதானே! நீயே கேட்டுக்கொண்டு உள்ளே போய்க் குனிந்து பார். தறிக்குடோன், அட்டாலி, பூட்டிய கார் ஷெட், எதையும் விடாதே. நடுராத்திரிக்கு மேல் டார்ச்சை உன் கண் மட்டத்துக்குப் பிடித்து அடி, இடுக்கில் இருந்தால் கண் மின்னும்.

நூல்கடைத் தம்பி
அக்கா, ராத்திரி ஒரு தட்டில் கருவாடு வைத்துச் சுற்றிலும் கோலமாவு தூவுங்க. தின்றது யார் என்று காலையில் தெரிந்துவிடும். நாய் என்றால் நகமும் பதியும். பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும், அதனால் நாலு விரலும் நடுச்சதையும் மட்டும்தான் பதியும்.

தறிக்காரர் மகள்
சனிக்கிழமை காலை. தட்டு காலி. மாவில் இரண்டு விதத் தடம். பெரிசு எங்கள் தெருக் கடுவனுடையது, சந்தேகமே இல்லை, தட்டையே கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறான். இன்னொன்று சின்னது. அதில் ஒரு காலுக்கு மூன்று விரல்தான்! மாவு ஒட்டிய தடம் நாலைந்து அடி போய், பின்வீட்டு நூல் குடோனின் தகரக் கதவுக்கு முன்னால் மங்கிவிட்டது. கோலமாவு டப்பா காலியானதற்குத் திட்டிக்கொண்டே அம்மாவும் குனிந்து விரலை எண்ணினார். ஓனரிடம் சாவி கேட்டாயிற்று. நாளைக்கு ஞாயிறு, தறி ஓடாது. அவள் படுக்கும் பழைய சேலையை எடுத்துக்கொண்டு நான் மட்டும் உள்ளே போய் உட்காரப் போகிறேன். அப்பாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவருக்கு ஓயாத இருமல்.