அந்தியில் எடுத்த நெகட்டிவ்கள் மட்டும் வெளிறிப் போவது ஏன்?

கேள்வி: ஆள் நடமாட்டமற்ற தெருக்களைக் கருப்பு வெள்ளையில் எடுத்து வருகிறேன். இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ் பிலிம் சுருள் ஒன்றில் விடியலிலும் அந்தியிலுமாக எடுத்த படங்கள் அனைத்துக்கும் முக்காலி, எஃப்/11 துளை, ஒளிமானி காட்டிய 10 முதல் 30 விநாடி. விடியல் படங்கள் ஒருவாறு தேறிவிட்டன. அந்திப் படங்களின் நெகட்டிவிலோ (ஒளி பட்ட இடம் அதில் கருப்பாகும்) தெருவிளக்கைச் சுற்றி மட்டும் கருமை படிந்து, சுவரும் தரையும் இருக்க வேண்டிய இடம் வெறும் கண்ணாடித்தாளாக இருக்கிறது. வீட்டில்தான் டெவலப் செய்தேன், டெவலப்பர் கரைசல் கெட்டுவிட்டதா?

மறுமொழி 1: சுருளின் விளிம்பில் ஆலையிலேயே பதித்த எண்கள் எப்படித் தெரிகின்றன?

கேட்டவர்: நன்கு அழுத்தமாக, கரியதாகத் தெரிகின்றன.

மறுமொழி 1: அந்த எண்களும் இதே டெவலப்பரில்தான் வெளிப்பட்டன. அப்படியானால் டெவலப்பர் மீது பழியில்லை, ஒளிதான் போதவில்லை.

மறுமொழி 2: இது ரெசிப்ராசிட்டி குறைபாடு, எல்லா பிலிமுக்கும் உள்ள இயல்புதான். ஒளி மிக மெதுவாக வரும்போது, வெள்ளி உப்புத் துகளில் உருவான முதல் வெள்ளி அணு, துணைக்கு அடுத்தது வருவதற்குள் சிதைந்துவிடுவதால், நேரம் நீளும் அளவுக்குப் பதிவு கூடுவதில்லை. இந்த பிலிமுக்கு அளந்த விநாடிகளை 1.31 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும்: 10 விநாடி ஏறத்தாழ 20 ஆகும், 30 விநாடி 86 ஆகும். விடியல் படங்கள் தப்பியதற்கு, அளந்த பிறகும் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது காரணமாகலாம். அந்தியில் அது இறங்கிக்கொண்டே போவதால் இழப்பு மேலும் கூடுகிறது. ஆகவே அந்தியில் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக அளந்துகொள்ளுங்கள்.

கேட்டவர்: 86 விநாடிக்குள் வானமே இருண்டுவிடுமே, ஐயா?

மறுமொழி 2: துளையை எஃப்/5.6 அளவுக்கு அகலமாக்குங்கள், நான்கு மடங்கு ஒளி வரும். 30 விநாடி 7.5 ஆகக் குறையும். திருத்திய பிறகும் 14 விநாடிதான். நகரக் காட்சியில் எஃப்/11 தேவைப்படும் இடம் குறைவு என்பது என் எண்ணம். விளக்கு போன்ற பிரகாசமான இடங்கள் இந்தக் குறைபாட்டால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. நேரத்தை மட்டும் கூட்டினால் அவை நெகட்டிவில் விவரமின்றிக் கருமையாக அடைத்துக்கொள்ளும் என்பதால், டெவலப் நேரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: எடுத்துவிட்ட படங்களை மீட்க வழியுண்டா?

மறுமொழி 1: பதியாத நிழலை எந்த இரசாயனமும் கொண்டுவராது. விளக்கடி வட்டம் மட்டும் ஒளிர, மற்றதெல்லாம் முழுக் கருப்பாக அச்சிட்டுப் பாருங்கள், ஓரிரண்டு நிற்கக்கூடும்.