ஆயாவின் ரவிக்கையைப் பார்த்துத் தைத்த கதை

பள்ளத்தூர்க்காரி:
அப்பச்சியின் சாந்திக் கல்யாணத்துக்கு, அதாவது அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு, வீட்டுப் பெண்கள் எல்லாரும் அந்தக் காலத்து மாதிரி கண்டாங்கியும் முடிச்சு ரவிக்கையும் உடுத்திப் படம் எடுத்துக்கொள்வோம் என்று பேசி முடித்தோம். கண்டாங்கிக்குக் கவலை இல்லை. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை, காரைக்குடியில் நெய்கிறவர்களிடமே வாங்கிவிட்டோம், அரக்கில் ஒன்று, கடுகு மஞ்சளில் ஒன்று. ரவிக்கைதான் பாடாய்ப் படுத்திவிட்டது.

ஒரு டெய்லரிடம் ஆயாவின் பழைய படத்தைக் காட்டித் தைக்கக் கொடுத்தேன். வந்தது இன்றைய பிளவுஸ்தான், கொக்கிக்குப் பதில் முன்னால் முடிச்சு. கையைத் தூக்கினால் மொத்த ரவிக்கையும் கூடவே எழும்புகிறது.

அப்புறம்தான் ஆயா வீட்டு இரண்டாம் கட்டுக்குள் கிடந்த தகரப் பெட்டியைக் குடைந்தேன். பழுப்பேறிய மல் துணியில் ஒரே ஒரு ரவிக்கை. உள்பக்கம் திருப்பியதும் அசந்துவிட்டேன். அக்குளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரத் துண்டு, மூலை மேலே வருகிற மாதிரி வைத்துத் தைத்திருக்கிறது, கையைத் தூக்கும்போது அது விரிந்து கொடுக்கிறது. தையல் முழுக்க எறும்பு வரிசை போலப் பொடி ஓட்டுத் தையல், நாலைந்து குத்துக்கு ஒரு பின் தையல். ஆனால் பக்கவாட்டில் இரண்டு விரற்கடைத் துணி வெட்டாமல் சும்மா மடிந்து கிடந்தது. வெட்டத் தெரியாமல் விட்டதாக நினைத்தேன். பெரியாத்தாவிடம் கேட்டேன்.

"பிள்ளை பெத்தா உடம்பு போடும்ல ஆத்தா, பிரிச்சு விட்டுக்கிறதுக்குத்தான். கைத்தையல்னா ஒரு நூலை இழுத்தா போதும், மிசின் தையலைப் பிரிச்சா துணியே போயிடும்."

அந்த அளவை வைத்து நானே உட்கார்ந்தேன். முதல் ரவிக்கை வீண், புதுத் துணியை நனைக்காமல் வெட்டிவிட்டேன், ஒரே துவையலில் அக்குள் இறுகிப் போயிற்று. இரண்டாவதற்கு ராத்திரி முழுக்க ஊறவைத்து, நிழலில் காயப்போட்டு வெட்டினேன். நூலைத் தேன்மெழுகில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் சிக்காது, நீளமாகக் கோக்கிற சோம்பேறித்தனம் மட்டும் ஆகாது. எட்டு நாள் ஆயிற்று, தினம் மத்தியானம் மட்டும்.

தேவகோட்டை மருமகள்:
நாங்களும் செய்தோம், ஆனால் சேலையில் மாட்டிக்கொண்டோம். உள்பாவாடை கட்டிப் பின்கொசுவம் வைத்தால் இடுப்பில் பொதபொதவென்று நிற்கிறது. ஆச்சி வந்து பாவாடையை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். தடித்த நூல் சேலைக்கு உள்ளே எதற்கு இன்னொரு துணி என்று ஒரே சிரிப்பு. கணுக்காலுக்கு மேலே நிற்கிற மாதிரி கட்டிய பிறகுதான் அந்தக் கட்டம் போட்ட அகலக் கரை எடுப்பாகத் தெரிந்தது. ஊக்கு ஒன்றுகூடக் குத்தவில்லை, விழாது என்று நம்பத்தான் எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று!

ஊசிக்காரர்:
நான் டெய்லர். பள்ளத்தூர்க்காரி, அந்த டெய்லர் மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் எட்டு மத்தியானம் உட்கார்ந்ததை அவர் கூலியாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்களா? எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் அக்குள் துண்டைக் காட்டவே இல்லை, எல்லாம் டார்ட் பிடிப்பதுதான், உடம்பு வளைவுக்குத் துணியை மடித்துத் தைப்பது. அந்தப் பழைய ரவிக்கையை உள்பக்கம் திருப்பிக் கிட்டத்தில் ஒரு படம் போடுங்கள். துண்டை எந்த மூலையில் தொடங்கியிருக்கிறார்கள் என்று பார்க்கணும்.