ஜீனோம் தெரிந்தும் லைம் நோயைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை பாடு?

சிலந்திவலை:
உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவான பொரேலியா பர்க்டார்ஃபெரியின் ஜீனோம் (முழு மரபணுத் தொகுப்பு) 1997லேயே வெளிவந்துவிட்டது. ஆனாலும் உண்ணி கடித்த முதல் சில வாரங்களில் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்துவிடுகிறதாம். நேராக நோயாளியின் ரத்தத்தையே சீக்வென்ஸ் செய்தால் (அதிலுள்ள டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படித்தால்) என்ன? செலவுதான் தடையா?

ஆய்வகவாசி:
செலவும் உண்டுதான், ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல், ரத்தத்தில் அந்தக் கிருமி மிகமிகக் குறைவு. சீக்கிரமே தோல், மூட்டு, நரம்பு என்று போய்விடும், நீங்கள் சீக்வென்ஸ் செய்தால் வருவதில் ஏறக்குறைய எல்லாமே மனித டிஎன்ஏதான். பிசிஆரும் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பரிசோதனை) ரத்தத்தில் சறுக்குவது இதனால்தான். மூட்டு வீங்கியவருக்கு மூட்டு நீரில் செய்தால் நன்றாகப் பிடிக்கும். உண்ணி பரப்பும் மற்ற பாக்டீரியாக்களான அனாபிளாஸ்மா, எர்லிக்கியா எல்லாம் வேறு கதை. அவை வெள்ளணுவுக்குள்ளேயே குடியிருப்பவை, அதனால் காய்ச்சலின் முதல் வாரத்தில் ரத்த பிசிஆரே போதும்.

பிளாஸ்மிட்_பித்தன்:
ஜீனோமின் பலன் நோயாளியின் ரத்தத்தைப் படிப்பதில் இல்லை, எதைத் தேட வேண்டும் என்று சொல்வதில் இருக்கிறது. முதலில் படிக்கப்பட்ட பி31 வகையில் சுமார் 9.1 லட்சம் எழுத்துள்ள நீள்வடிவக் குரோமோசோம், அதோடு 21 பிளாஸ்மிட்கள், அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏக்கள் (ஒரு பாக்டீரியாவுக்கு இது அநியாயம்!). மேற்பரப்புப் புரதங்களின் மரபணுக்கள் பல அந்தப் பிளாஸ்மிட்களில்தான் இருக்கின்றன. பழைய எலிசா (கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியை ரத்தத்தில் தேடும் பரிசோதனை) முழுக் கிருமியையும் அரைத்து இலக்காக வைத்தது, அதனால் இதற்கு உறவான கிருமியால் வரும் சிபிலிஸ் நோயாளிக்குக்கூட பாசிட்டிவ் வரும். விஎல்எஸ்இ என்ற புரதம் வேஷம் மாற்றிக்கொண்டே இருந்தாலும் அதில் சி6 என்ற துண்டு மட்டும் பெரிதாக மாறுவதில்லை, அதைப் பிடித்துச் செய்த பரிசோதனை பொய் பாசிட்டிவைக் குறைத்தது. ஆனால் ஓஎஸ்பிசி போன்ற மேற்பரப்புப் புரதங்கள் வகைக்கு வகை வேறுபடும், ஆகவே ஒரே ஒரு ஜீனோமை வைத்துப் பரிசோதனை வடிவமைத்தால் மற்ற வகைகள் நழுவும். நிறைய மாதிரிகளைப் படிக்க வேண்டியிருப்பது அதற்குத்தான்.

சிலந்திவலை:
சரி, அப்போ ஒரே பரிசோதனையில் எல்லா பொரேலியாவையும் பிரித்துவிடலாமா?

ஆய்வகவாசி:
ஓரளவு. பொரேலியா மியாமோட்டோயில் (இது லைம் அல்ல, மீள்காய்ச்சல் வகைக் கிருமி) கிளிப்கியூ (glpQ) மரபணு உண்டு, லைம் வகைகளில் கிடையாது, பிரிக்க அது நல்ல அடையாளம். லைமை உண்டாக்கும் இன்னொரு இனமான பொரேலியா மயோனி தெரியவந்ததே அமெரிக்காவின் மேயோ கிளினிக்கின் பிசிஆரில் வழக்கத்துக்கு மாறான முடிவு வந்ததால்தான், 2016ல் அறிவித்தார்கள். ஆனால் ஒன்று, குணமான பிறகும் ஆன்டிபாடி வருடக்கணக்கில் தங்கும். இப்போது இருக்கும் நோயா, பழையதா என்பதை ஆன்டிபாடிப் பரிசோதனை சொல்லாது, இலக்கை எத்தனை கச்சிதமாகத் தேர்ந்தெடுத்தாலும்.