டேக் எங்கே இருக்கணும்: டேட்டாபேஸிலா, கோப்புப் பெயரிலா?

ஓலைப்பெட்டி: ரசீது, ஒப்பந்தம், மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் டேக் (அடையாளச் சொல்) போட்டுச் சொந்த சர்வரில் அடுக்க பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் என்ற ஆவண மென்பொருள் போதும். அது கண்காணிக்கும் ‘கன்ஸ்யூம்’ ஃபோல்டரில் பிடிஎஃப்பைப் போட்டால் ஓசிஆர் செய்து (படத்திலுள்ள எழுத்தைப் படித்து), தேதியைப் பிடித்து, முன்பு போட்ட டேக்குகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு புதியதற்கும் தானே போட்டுவிடும். டேக்ஸ்பேசஸ் என்ற செயலி மாதிரி டேக்கை ஒவ்வொரு கோப்புப் பெயரிலும் சதுர அடைப்புக்குள் எழுதிக்கொண்டிருக்க யாரால் முடியும்?

டெர்மினல்தாசன்: போட்ட பிடிஎஃப் அந்த ஃபோல்டரிலிருந்து நீக்கப்பட்டுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. உள்ளே போனதும் அதன் பெயர் 0000001.பிடிஎஃப். டேக் முழுக்க டேட்டாபேஸில். பேப்பர்லெஸ் ஓடுகிற கன்டெய்னர் எழும்பாத அன்று கையில் மிஞ்சுவது எண் போட்ட குவியல்தான். பெயரிலேயே டேக் இருந்தால் பென்டிரைவில் போட்டு எங்கே கொண்டுபோனாலும் கூடவே வரும்.

ஓலைப்பெட்டி: செட்டிங்கைத் தொடாதவர்களுக்குத்தான் அந்தக் கதி. ஃபைல்நேம் ஃபார்மட்டில் ஆண்டு, அனுப்பியவர், தலைப்பு கொடுத்து, ‘டாக்குமென்ட் ரீநேமர்’ கட்டளையை ஒருமுறை ஓட்டினால், மூலக் கோப்புகள் இருக்கும் ஒரிஜினல்ஸ் ஃபோல்டரே படிக்கிற மாதிரி ஆகிவிடும். பேக்கப்புக்கு ‘டாக்குமென்ட் எக்ஸ்போர்ட்டர்’ கட்டளை இருக்கு. ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து வைத்தால் அது பேக்கப்பே இல்லை.

உங்க வழிக்கு வருவோம். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட்தான். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் கணக்கு. ‘ஒப்பந்தம்’ ஒன்றே 27 பைட். அந்த நீளத்தில் ஒன்பது டேக் போட்டால் தலைப்புக்கே இடமில்லை.

டெர்மினல்தாசன்: ஒன்பது டேக் போடுகிறவருக்கு டேக் வேண்டாம், நல்ல தேடல் வேண்டும். மூன்றைத் தாண்டக் கூடாது. உங்க எக்ஸ்போர்ட்டையும் அதே பதிப்பு பேப்பர்லெஸில்தான் திரும்ப ஏற்றணும். பதிப்பு எண்ணைக் குறித்து வைக்காதவர் கதை என்ன?

நடுவாசல்: பெயரையும் தொடாமல், தனி டேட்டாபேஸும் இல்லாமல் எக்ஸ்டென்டட் ஆட்ரிபியூட்டில் (கோப்போடு ஃபைல் சிஸ்டம் ஒட்டிவைக்கும் கூடுதல் குறிப்பில்) வைக்கலாமே? கேடிஇ-யின் கோப்பு மேலாளர் டால்ஃபின் அப்படித்தான் செய்கிறது.

டெர்மினல்தாசன்: பென்டிரைவில் வழக்கமான எக்ஸ்ஃபேட் ஃபைல் சிஸ்டத்துக்குக் காப்பி பண்ணினால் போச்சு. காப்பி எடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில் சின்ன ‘ஏ’ மட்டும் கொடுத்தாலும் போகாது, பெரிய ‘எக்ஸ்’ தனியாகச் சேர்க்கணும். பிழைச் செய்திகூட வராது என்பதுதான் ஆபத்து.

ஓலைப்பெட்டி: இதில் ஒத்துப்போகிறேன். படம், ஆடியோ போன்றவற்றுக்கு டிஎம்எஸ்யூ என்ற டேக் கருவி பரவாயில்லை, டேக்கைத் தனி டேட்டாபேஸில் வைத்தாலும் கோப்பை இருந்த இடத்திலேயே விடும். நகர்த்திவிட்டால் ‘ரிப்பேர்’ கட்டளை கோப்பின் கைரேகையை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளத்தை) வைத்துக் கண்டுபிடிக்கும். நகர்த்தி, உள்ளடக்கத்தையும் மாற்றியிருந்தால் கையால்தான் சரிசெய்யணும்.

தாசன், ‘பொது’ என்று டேக் போட்ட கோப்பில் பாதி உங்க தேடலில் வராதே, கவனித்தீங்களா? ‘ொ’ ஒரே குறியாகவும் வரும், ‘ெ’ + ‘ா’ என்று இரண்டாகவும் வரும். கண்ணுக்கு ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு.

டெர்மினல்தாசன்: கோப்புப் பெயரின் எழுத்துக் குறியீட்டை மாற்றும் கான்வ்எம்வி-யை என்எஃப்சி (சேர்த்தெழுதும் யூனிகோட் வடிவம்) தேர்வோடு ஓட்டினால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். ‘நோடெஸ்ட்’ சேர்க்காவிட்டால் ஒத்திகை மட்டும்தான் பார்க்கும், பெயர் மாறாது.

நடுவாசல்: பேப்பர்லெஸில் தமிழ் ஸ்கேன் எதுவும் தேடலில் சிக்குவதில்லை. அதற்கு?

ஓலைப்பெட்டி: இயல்பாக ஆங்கிலம் மட்டும்தான் படிக்கும். டாக்கர் கன்டெய்னரில் ஓட்டினால் ‘ஓசிஆர் லாங்குவேஜஸ்’ என்ற செட்டிங் தமிழ்ப் பொதியை நிறுவும். ‘ஓசிஆர் லாங்குவேஜ்’ எந்த மொழியில் படிக்கணும் என்று சொல்லும். இரண்டிலும் தமிழ் இருக்கணும், இரண்டாவதில் தமிழையும் ஆங்கிலத்தையும் கூட்டல் குறியால் இணைக்கணும். முன்பே உள்ளே போன ஆவணங்கள் தானாக மாறாது. தேர்ந்தெடுத்து மறுபடி ஓசிஆர் ஓட்டுங்க.