கட்டிலுக்குத் தனியாகக் குளிர்ச்சி தேவையா? தண்ணீர்ப் பாயா, காற்றூதியா, இரண்டு போர்வையா?

டாலஸ்காரி:
எனக்கு வயது 51. ஓராண்டாக, இரவு இரண்டு மணி ஆனால் போதும், கொதிக்கிற இட்லிக் கொப்பரையைத் திறந்து முகத்தைக் காட்டியதுபோல் உடம்பு எரிகிறது. பத்து நிமிடத்தில் தலையணை நனைந்துவிடும். அதன்பிறகு குளிர். மருத்துவரைப் பார்த்துவிட்டேன். மாதவிடாய் நிற்கும் காலத்துச் சூடுதான் என்றார். மாத்திரை பற்றிய பேச்சு அவருடன் தனியே நடக்கிறது, அதை இங்கே கேட்கவில்லை.

என் சிக்கல் கட்டிலின் மறுபக்கத்தில் இருக்கிறது. கணவர் திருநெல்வேலிக்காரர். வீட்டில் 72 பாரன்ஹீட், அதாவது 22 செல்சியஸ் வைத்தாலே காலுறை, குரங்குக் குல்லா, கம்பளி என்று மலையேறப் போகிறவர்போல் படுக்கிறார். எனக்கு 66 வேண்டும். ஆகஸ்ட் மாத மின்கட்டணத்தைப் பார்த்தபோது இருவருக்குமே வியர்த்தது.

கட்டிலை மட்டும் குளிர்விக்கும், சூடாக்கும் கருவிகளில் மூன்று வகை பார்த்து வைத்திருக்கிறேன். எய்ட் ஸ்லீப் போல மெத்தை முழுவதையும் மூடி இரு பக்கத்துக்கும் தனித்தனி வெப்பநிலை தருவது ஒன்று (2,000 டாலருக்கு மேல், சந்தா தனி). சில்லிபேட் போல மெத்தைமேல் விரிக்கும் தண்ணீர்க் குழாய்ப் பாய் இன்னொன்று. பெட்ஜெட் போலப் போர்வைக்குள் காற்றை ஊதுவது மூன்றாவது. பயன்படுத்தியவர்கள் உள்ளபடி சொல்லுங்கள்.

பழைய மெக்கானிக்:
முப்பது ஆண்டுகள் குளிர்பதனத் துறையில் இருந்தவன். எந்தப் பெட்டியும் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை அம்மா. ஓரிடத்துச் சூட்டை எடுத்து இன்னோரிடத்தில் கொட்டுகிறது, அவ்வளவுதான். ஏ.சி. அதை வீட்டுக்கு வெளியே கொட்டும். நீங்கள் வாங்கப்போகும் பாயின் தண்ணீரைக் குளிர்விக்கும் பெட்டி உங்கள் கட்டிலுக்கு அடியிலேயே கொட்டும்.

தண்ணீர் வகைகள் பெரும்பாலும் பெல்டியர் தகட்டில் ஓடுபவை. 1834இல் பெல்டியர் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டது: இரு வேறு பொருள்களின் இணைப்பில் மின்சாரம் ஓடினால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். மின்னோட்டத்தைத் திருப்பினால் சூடும் குளிரும் இடம் மாறும். ஒரே பெட்டி இரண்டு வேலையும் செய்வது அதனால்தான். கம்ப்ரஸர் கிடையாது, அதனால் சின்னதாகச் செய்யலாம். ஆனால் திறன் குறைவு. ஏ.சி. ஒரு பங்கு மின்சாரத்தில் மூன்று பங்கு சூட்டை வெளியேற்றும். இது ஒரு பங்கு மின்சாரம் தின்றுவிட்டு அந்த ஒரு பங்கு சூட்டைக்கூட முழுதாக எடுப்பதில்லை.

தூங்குகிற மனித உடம்பு ஏறக்குறைய 70, 80 வாட் சூடு விடுகிறது. அதை இழுக்க இந்தப் பெட்டி 100, 150 வாட் செலவழிக்கும். ஆக 200 வாட் அளவுக்குச் சூடு உங்கள் அறையிலேயே. இதற்குப் பணம் கொடுப்பதை என் தொழில் அறிவு ஒப்பவில்லை.

இரவுப்பறவை:
நான் நியூ ஜெர்சியில் செவிலியர். இரவுப் பணி முடிந்து பகலில் தூங்குபவள். மூன்று ஆண்டுகளாகத் தண்ணீர்ப் பாயில் படுக்கிறேன். மெக்கானிக் ஐயா, உங்கள் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. அந்த 70 வாட் உடம்புச் சூடு, பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறைக்குள்தானே வரப்போகிறது? அதை ஏன் பெட்டியின் தலையில் கட்டுகிறீர்கள்? கூடுதலாக வருவது பெட்டி தின்னும் மின்சாரம் மட்டுமே.

150 வாட் என்றே வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 1.2 யூனிட். யூனிட் 15 சென்ட் என்றால் இரவுக்கு 18 சென்ட். அதை நம்பி அக்கா வீடு முழுவதற்குமான ஏ.சி.யை 66இலிருந்து 74க்கு ஏற்றிவிடலாம். டாலஸ் கோடையில் எட்டு டிகிரி என்றால் சும்மாவா?

பழைய மெக்கானிக்:
உடம்புச் சூட்டை இருமுறை எண்ணிவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன். ஏ.சி.யை ஏற்றி வைத்தால் உங்கள் கணக்கு சரி. ஏற்றாமல், அதன்மேல் இதையும் ஓட்டினால் என் கணக்கு சரி. வாங்கியவர்களில் எத்தனை பேர் உண்மையில் ஏ.சி.யை ஏற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இரவுப்பறவை:
நான் ஏற்றினேன்.

வேளச்சேரிவாசி:
என் கதையையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு தண்ணீர்ப் பாயைக் கொண்டுவந்தான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அது 120 வோல்ட், நம்முடையது 230. ரிச்சி தெருவில் ஒரு மின்மாற்றி வாங்கினேன். அது இரவெல்லாம் வண்டுபோல் ரீங்காரம் செய்தது. அதுகூடப் பரவாயில்லை.

மே மாதம். ஏ.சி. வேண்டாம் என்பதற்குத்தானே இதை வாங்கினோம் என்று மின்விசிறியை மட்டும் போட்டுவிட்டு, பாயை 16 டிகிரி செல்சியஸில் வைத்துப் படுத்தேன். முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். நடுநிசியில் விழித்தால் முதுகு முழுக்க ஈரம். பாய் ஒழுகுகிறது என்று நினைத்து விளக்கைப் போட்டுக் குழாய் குழாயாகத் தடவிப் பார்த்தேன். எங்கும் ஓட்டை இல்லை. பெட்டியிலிருந்து வரும் குழாயின் மேல் முத்து முத்தாக நீர், கீழே தரையில் ஒரு சிறு குட்டை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் "ஒழுகல்தான், பாயைத் திருப்பி அனுப்புங்கள்" என்றார்கள். வேளச்சேரியிலிருந்து எங்கே அனுப்புவது?

பழைய மெக்கானிக்:
ஒழுகல் இல்லை தம்பி. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே வேர்க்குமே, அதுதான். காற்றிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் நீராகப் படியத் தொடங்குமோ, அது பனிநிலை. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிநிலை 26. அந்த அறையில் 26க்குக் கீழே எதை வைத்தாலும் வேர்க்கும். நீங்கள் 16இல் வைத்தீர்கள்.

இதே பாய் டாலஸில் ஏன் வேர்க்காது? ஏ.சி. ஓடும் வீட்டில் 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை 13தான். தண்ணீரை 16, 18இல் தாராளமாக வைக்கலாம். சென்னையிலும் ஏ.சி. போட்டு அறையை 26 டிகிரி, 55 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் பனிநிலை 16ஐ ஒட்டி இறங்கும். அப்போது பாயை 20இல் வைத்தால் ஈரம் வராது. ஏ.சி.க்கு மாற்று என்று இதை விற்பவரை நம்பாதீர்கள். இது ஏ.சி.க்குத் தம்பி.

வேளச்சேரிவாசி:
இதை விற்றவர்கள் பெட்டிமேல் ஒரு வரி அச்சடித்திருந்தால் என் மெத்தை பிழைத்திருக்கும். மூன்று நாள் மொட்டை மாடியில் காயவைத்தும் அந்த வாடை போகவில்லை.

காற்றுக்கட்சி:
அரிசோனாவிலிருந்து எழுதுகிறேன். எல்லாரும் தண்ணீரையே பேசுகிறீர்கள். டாலஸ்காரி அவர்கள் சொன்ன தொல்லை சூடு மட்டுமா? வியர்வையும்தானே? காற்றூதி அறைக்காற்றைத்தான் ஊதும், அதைவிடக் குளிர்ந்த காற்றைத் தராது. ஆனால் வியர்வையை உலர்த்தும். உலரும்போதே உடம்பு குளிரும். பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சூடு வேண்டுமென்றால் இரண்டு நிமிடத்தில் போர்வைக்குள் வெதுவெதுப்பு வந்துவிடும். தண்ணீர்ப் பாய் சூடேறக் காத்திருந்தால் தூக்கமே வந்துவிடும். ஒழுகல், பாசி, காய்ச்சி வடித்த நீர் வாங்கி ஊற்றும் வேலை எதுவும் இல்லை.

இரவுப்பறவை:
போர்வை பூரிபோல் உப்பி நிற்பதையும் சொல்லுங்கள். என் தோழி வீட்டில் ஓரிரவு படுத்தேன். காதருகே தலைமுடி உலர்த்தி ஓடுவதுபோல் இருந்தது.

காற்றுக்கட்சி:
அதை முழு வேகத்தில் வைத்திருப்பார்கள். கால்பங்கு வேகம் போதும்.

பழைய மெக்கானிக்:
வறண்ட ஊரில் காற்றுக்கட்சிக்கே என் ஓட்டு. ஈர ஊரில் இல்லை. டாலஸ் வீட்டுக்குள் ஏ.சி. காற்று ஓரளவு உலர்ந்ததுதான், அங்கும் வேலை செய்யும். ஆனால் ஒன்று கேட்க வேண்டும் அம்மா: நீங்கள் இருவரும் ஒரே போர்வையா?

டாலஸ்காரி:
ஒரே போர்வை. இருபத்தாறு ஆண்டுகளாக.

பழைய மெக்கானிக்:
அப்படியானால் உங்கள் பக்கம் ஊதும் காற்று அவர் பக்கம் போகும். மறுநாள் குல்லாவோடு ஸ்வெட்டரும் சேரும். ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் ஒரே கட்டிலில் ஆளுக்கொரு போர்வை என்பதுதான் வழக்கம். காசில்லாத வைத்தியம், முதலில் அதைச் செய்து பாருங்கள். மெத்தை என்ன வகை?

டாலஸ்காரி:
மெமரி ஃபோம். மேலே தண்ணீர் புகாத உறை. பேரன் வந்தால் தேவைப்படுகிறது.

பழைய மெக்கானிக்:
பிளாஸ்டிக் பையில் படுத்துக்கொண்டு சுடுகிறது என்கிறீர்கள்! அந்த உறையைக் கழற்றிப் பத்து நாள் படுங்கள். பிறகு பேசுவோம்.

இரவுப்பறவை:
உறையைக் கழற்றட்டும், சரி. ஆனால் அதுவும் இரண்டு போர்வையும் மட்டும் இதற்குப் போதாது ஐயா. தூக்கம் பிடிக்கும் நேரத்தில் கை கால்களில் இரத்தக் குழாய்கள் விரிந்து சூட்டை வெளியே விடும், உள்ளுடம்பு குளிரும். கனவு காணும் தூக்கத்தில் வியர்ப்பதும் நடுங்குவதும் மிகவும் மட்டுப்பட்டுவிடும், உடம்பு தன் வெப்பத்தைத் தானே சரிசெய்துகொள்வது குறையும். அந்தத் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம். அதனால் ஒரே குளிரை இரவு முழுக்க வைப்பதும் தவறு. நான் படுக்கும்போது வெதுவெதுப்பாக வைத்து, அரை மணியில் இறக்கி, எழும் நேரத்துக்கு முன் மறுபடி ஏற்றுகிறேன். இரண்டு போர்வையால் இதைச் செய்ய முடியுமா?

இன்னொன்று. அக்கா, அண்ணனுக்குக் கால் எப்போதும் சில்லென்று இருக்குமா? சர்க்கரை உண்டா?

டாலஸ்காரி:
பன்னிரண்டு ஆண்டுகளாக. ஏன் கேட்கிறீர்கள்?

இரவுப்பறவை:
அப்படியானால் அவர் பக்கத்துக்குச் சூடாக்கும் பாய் வாங்குமுன் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பாய்களில் சில 43 டிகிரிக்கு மேலும் போகும். கை வைத்தால் இதமாகத்தான் இருக்கும். ஆனால் உணர்ச்சி மங்கிய பாதம் மணிக்கணக்கில் அதன்மேல் கிடந்தால் புண்ணாகும், அவருக்குத் தெரியவும் தெரியாது. எங்கள் வார்டில் வெந்நீர்ப் பையால் வந்த புண்களைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். கம்பளியும் காலுறையுமே அவருக்கு நல்லது.

சந்தாவெறுப்பான்:
இவ்வளவு பேசியும் யாரும் அந்த 2,000 டாலர் கட்டிலைத் தொடவில்லை. 2025 அக்டோபர் 20 நினைவிருக்கிறதா? வர்ஜீனியாவில் அமேசானின் மேகக் கணினிச் சேவை படுத்தது. அதோடு எய்ட் ஸ்லீப் கட்டில்களும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சிலருடையது சூட்டிலேயே நின்றது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டு, பிறகு இணையம் இல்லாமல் புளூடூத் வழியே இயக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். என் கட்டிலின் சூட்டைக் குறைக்க வர்ஜீனியாவின் அனுமதி எதற்கு?

இரவுப்பறவை:
குறையைச் சரிசெய்தார்கள் என்பதையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். உறக்கத்தைக் கணித்துத் தானே வெப்பநிலையை மாற்றுவது சிலருக்குத் தேவைப்படும்.

சந்தாவெறுப்பான்:
தேவைப்படட்டும். பணம் கொடுத்து வாங்கிய பொருளில் பாதி வேலையைப் பூட்டிவைத்து, திறப்பதற்கு ஆண்டுதோறும் வாடகை கேட்பதை நான் வியாபாரம் என்று சொல்லமாட்டேன். கையில் ஒரு ரிமோட், மேலே கீழே என்று இரண்டு பொத்தான். அது இருக்கும் கருவியை மட்டும் வாங்குங்கள்.

காற்றுக்கட்சி:
இதில் மட்டும் உங்களோடு உடன்படுகிறேன்.

டாலஸ்காரி (மூன்று வாரம் கழித்து):
கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் போகக்கூடாது அல்லவா?

மெக்கானிக் ஐயா சொன்னபடி முதலில் உறையைக் கழற்றினேன். உண்மையிலேயே வித்தியாசம் தெரிந்தது, பாதித் தொல்லை குறைந்தது. மீதிப் பாதி இரண்டு மணிக்கு வந்துகொண்டே இருந்தது. இரண்டு போர்வைக்குக் கணவர் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், நான்காம் நாள் தன் போர்வையை யாரும் இழுப்பதில்லை என்று கண்டுகொண்டார்.

பிறகு ஒருவர் படுக்கும் அளவிலான தண்ணீர்ப் பாய், என் பக்கத்துக்கு மட்டும். ரிமோட் உள்ளது, சந்தா இல்லாதது, 30 நாளில் திருப்பித் தரலாம். இரண்டு மணிச் சூடு இன்னும் வருகிறது. ஆனால் புரண்டு படுத்தால் முதுகுக்குக் கீழே குளிர்ச்சி காத்திருக்கிறது, தலையணை நனையுமுன் தணிந்துவிடுகிறது. தண்ணீர் 64 பாரன்ஹீட், அறை 74. கழற்றிய உறையைப் பேரனுக்காகப் பாய்க்கு அடியில் போட்டிருக்கிறேன், மேலே இல்லை. குறை என்றால் பம்பின் சத்தம். மீன்தொட்டி வைத்த அறையில் படுப்பதுபோல் இருக்கிறது.

அந்தச் சூட்டைக் கக்கும் பெட்டியை என் பக்கம் வைக்க இடமில்லாமல், அவர் பக்கத் தரையில் வைத்தேன். சண்டை வரும் என்று நினைத்தேன். இப்போது தினமும் படுக்குமுன் வீட்டுச் செருப்பை அதன் காற்று வரும் பக்கம் ஒழுங்காகச் சேர்த்து வைக்கிறார். காலையில் வெதுவெதுப்பாக மாட்டிக்கொண்டு காபி போடப் போகிறார்.